கீழே காய்க்கும் நெல்லி

நாட்டு மருந்துக் கடையின் பலகை மேல் இரண்டு பொட்டலங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டிலும் பெரிய எழுத்தில் கீழாநெல்லிப் பொடி என்று போட்டிருக்கிறது. திருப்பிப் பார்த்தால், அடியில் சாய்ந்த சின்ன எழுத்தில் ஒன்றில் ஃபில்லாந்தஸ் நிரூரி, மற்றதில் ஃபில்லாந்தஸ் அமாரஸ். பொடியின் நிறம் ஒன்றுதான், வாசனையும் ஒன்றுதான். கடைக்காரரைக் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் அந்தச் சாய்ந்த எழுத்துகள் வீடு வரைக்கும் கூடவே வருகின்றன. ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி மாறும் பெயர்களால் வரும் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே உண்டானது அந்த அறிவியல் பெயர். உலகம் முழுக்க ஒரு செடிக்கு ஒரு பெயர் என்பதுதான் அதன் வாக்குறுதி. தமிழ்ப் பெயர் ஒன்றாக நிற்க, அறிவியல் பெயர் இரண்டாக நிற்கும்போது யாரை நம்புவது?

முதலில் தமிழ்ப் பெயரையே கையில் எடுத்துப் பார்க்கலாம். கீழ்க்காய்நெல்லி என்றும் அதைச் சொல்வார்கள். வரப்போரத்தில், பூந்தொட்டியின் விளிம்பில், மழைக்குப் பிறகு வாசற்படியின் சிமெண்ட் வெடிப்பில்கூட முளைத்துவிடும் ஒரு முழ உயரச் செடி. நெல்லியோ ஏறிப் பறிக்க வேண்டிய மரம். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் கட்டிய கண் எதைப் பார்த்தது? நெல்லி மரத்தடியில் குனிந்தால் விடை தரையிலேயே கிடக்கும். அங்கே முழுமுழு ஈர்க்குகளாகவே உதிர்ந்திருக்கும். மெல்லிய காம்பு, இருபுறமும் வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். பார்த்தவுடன் புளிய இலை மாதிரி ஒரு கூட்டிலை என்றுதான் தோன்றும். ஆனால் புளியின் சிற்றிலைகளுக்கு நடுவே ஒருநாளும் பூ வருவதில்லை. நெல்லியின் ஈர்க்கில் இலைக்கோணத்துக்கு இலைக்கோணம் பசுமஞ்சள் நிறத்தில் பொடிப் பூக்கள் வரும். ஆக, இலை போல வேடமிட்ட கிளை அது. இலை போலவே தோன்றி, இலை போலவே உதிரவும் செய்கிற கிளை. கீழாநெல்லியைப் பிடுங்கி அதன் ஈர்க்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே வேடம் அங்கும் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது வெறும் பச்சை. திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கக் கடுகளவு காய்கள் ஒரு கோட்டில் தொங்குகின்றன.

இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். நெல்லிக்காயைத் தின்று முடித்த கொட்டையை வெயிலில் காயவைத்துப் பிளந்தால் உள்ளே மூன்று அறைகள், அறைக்கு இரண்டு விதைகள். கீழாநெல்லியின் காயை நகத்தால் கீறிக் கைலென்சில் பார்த்தால் அங்கும் மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை. மரத்தின் காய் சதைப்பற்றோடு திரண்டது. செடியின் காயோ காய்ந்ததும் வெடித்துத் தெறிப்பது. இரண்டுக்கும் உள்கணக்கு மட்டும் ஒன்றே. பெயர் வைத்தவர்கள் இப்படி எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஈர்க்கின் சாயலே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அந்தச் சாயல் உள்கணக்கோடு ஒத்துப்போனதுதான் வியப்பு.

1753இல் கார்ல் லின்னேயஸ் ஸ்பீஷீஸ் பிளாண்டாரம் என்ற நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 5,900 செடிகொடி மரங்களுக்கு இரண்டு சொற்களில் பெயர் தந்த நூல். முதல் சொல் பேரினத்துக்கு, இரண்டாம் சொல் சிற்றினத்துக்கு. தாவரங்களுக்குப் பெயரிடும் விதிகள் அந்த ஆண்டு மே 1ஆம் தேதியிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகின்றன. அதற்கு முன் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் எத்தனை பேர் எந்தப் பெயரால் அழைத்திருந்தாலும் அந்த ஏட்டில் அது ஏறாது. அந்நூலில் நெல்லி மரம் ஃபில்லாந்தஸ் எம்பிளிக்கா என்று பதிவானது. அதே பேரினத்தில், சற்று முன்னதாக, ஒரு பூண்டு: ஃபில்லாந்தஸ் நிரூரி. இலைப்பூ என்பதுதான் ஃபில்லாந்தஸ் என்ற கிரேக்கச் சொல்லின் பொருள். மகரந்தக் கேசரங்களை எண்ணி வகுப்புப் பிரித்தவர் லின்னேயஸ். ஆணும் பெண்ணுமாகப் பூக்கள் ஒரே செடியில் தனித்தனியே இருந்து, ஆண்பூவில் மூன்று கேசரங்கள் இருந்ததால் இந்தச் செடிகள் ஒரே வகுப்புக்குள் வந்தன. தமிழ்ப் பேச்சு எந்த வழியாகவோ சென்று சேர்ந்த இடத்துக்கு அவர் கேசரங்களை எண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தார். அரநெல்லி மட்டும் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. அந்தப் புளிப்புக் காயை அவர் நட்சத்திரப்பழத்தின் பேரினமான அவெரோவாவில் சேர்த்தார். அது ஃபில்லாந்தஸ் அசிடஸ் என்ற பெயரோடு நெல்லியின் பக்கம் வந்து சேர 1909 வரை ஆனது.

இந்த இடத்தில் ஒரு பெருமிதம் தலைதூக்கும். நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தார்கள் என்று சொல்லி முடித்துவிட நாக்கு துடிக்கும். அந்த முடிவில் இறங்க வேப்பமரம் விடுவதில்லை. வேம்பு, மலைவேம்பு, கறிவேம்பு, நிலவேம்பு. இவற்றில் முதல் இரண்டும் ஒரே குடும்பம். கறிவேம்பு எலுமிச்சையின் குடும்பம். நிலவேம்போ கனகாம்பரத்தின் குடும்பம். வேம்போடு நிலவேம்புக்கு உள்ள ஒரே உறவு கசப்பு. காய்ச்சலுக்குக் குடிநீர் காய்ச்சுகிறவர்களுக்கு அந்த உறவே பெரிது. பூவின் உள்ளமைப்பு அவர்களுக்கு வேண்டியதில்லை. ஆக, நெல்லி விஷயத்தில் ஒத்துப்போனதை வைத்துத் தமிழ்ப் பெயர்களுக்கு உள்நோக்கிய ஓர் அறிவியலைக் கற்பித்துவிட முடியாது. ஆனால் இரண்டு மரபுக்கும் உள்ள ஒற்றுமையை ஒதுக்கவும் முடியாது. நிலவேம்பு, மலைவேம்பு என்பதிலும் இரண்டு சொற்கள்தான். இனத்தைச் சுட்ட ஒன்று, அதில் எது என்று சுட்ட இன்னொன்று. லத்தீனில் இனப்பெயர் முன்னால் வருகிறது, தமிழில் பின்னால் வருகிறது.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. நிலவேம்பு வேம்பின் சொந்தமில்லை என்று நாளை ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டாலும் அதன் பெயரை யாரும் மாற்றப்போவதில்லை. லத்தீன் பெயருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதில் முதல் சொல் பெயர் மட்டுமன்று, இன்னாரின் குடி என்ற கூற்றும்கூட. கூற்று மாறினால் பெயரும் மாறியாக வேண்டும். 1790இல் யோசப் கேர்ட்னர் கனிகளையும் விதைகளையும் அறுத்துப் பார்த்து எழுதிய நூலில் நெல்லியைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். எம்பிளிக்கா என்று லின்னேயஸ் வைத்த இரண்டாம் சொல் கேர்ட்னரிடம் முதல் சொல்லானது. தாவரங்களில் ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்லி எம்பிளிக்கா எம்பிளிக்கா என்று பெயரிட இன்றைய விதி இடம் தராது. கேர்ட்னர் வைத்த எம்பிளிக்கா அஃபிசினாலிஸ் என்ற பெயர்தான் அந்தப் பேரினத்துக்குள் நெல்லிக்கு நிற்கிறது. அஃபிசினாலிஸ் என்றால் மருந்துக் கடைச் சரக்கு என்று பொருள். லேகியப் புட்டிகளில் இன்றும் அந்தப் பெயர் அச்சாகிறது. பிறகு நெல்லி ஃபில்லாந்தஸுக்கே திரும்பியது. பள்ளிப் பாடத்தில் ஆமணக்கின் குடும்பத்தில் நெல்லியைப் படித்தவர்கள் ஏராளம். இன்று ஃபில்லாந்தேசியே என்று தனிக்குடும்பம். அந்தப் பிரிவினையையும் கையாலேயே சோதிக்கலாம். ஆமணக்குக் காயிலும் மூன்று அறைகள்தான், ஆனால் அறைக்கு ஒரே ஒரு விதை.

டி.என்.ஏ. வரிசையைப் படிக்கத் தொடங்கிய பிறகு விவகாரம் முற்றியது. ஃபில்லாந்தஸ் என்று அழைக்கப்பட்ட எண்ணூறுக்கு மேற்பட்ட சிற்றினங்களின் வம்சவரிசைக்குள் தவசிக்கீரை போன்ற வேறு பேரினங்களும் கலந்து கிடப்பது தெரிந்தது. அண்ணன் தம்பிகளை ஒரு பெயராலும் நடுவில் பிறந்தவனை வேறு பெயராலும் அழைப்பதுபோல. தீர்க்க இரண்டு வழிகள். எல்லாரையும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே கூரைக்குள் கொண்டுவரலாம். 2006இல் ஒரு குழு அதைத்தான் முன்மொழிந்தது. அல்லது ஃபில்லாந்தஸைப் பாகம் பிரிக்கலாம். 2022இல் இன்னொரு குழு அதைப் பத்துப் பேரினங்களாகப் பிரித்தது. அந்தப் பிரிவில் நெல்லி மரம் மறுபடியும் எம்பிளிக்கா. மரமும் பூண்டும் ஒரே பேரினத்தில் இல்லை. இரண்டு குழுக்களிடமும் இருப்பது ஏறக்குறைய ஒரே வம்சவரிசைதான்; எந்தக் கணுவில் கோடு கிழித்துப் பெயர் வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. வம்சவரிசை இயற்கையில் இருக்கிறது. கோடு அங்கே இல்லை. சரியா தவறா என்று அதைக் கேட்க முடியாது, பயன்படுமா என்றுதான் கேட்க முடியும். அப்படிப்பட்ட ஒன்றின் மேல் பெயரைக் கட்டிவைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் கலக்கமாகவே இருக்கிறது.

பொட்டலத்தின் பின்புறம் இருந்த நிரூரியின் கதை இதைவிடச் சிக்கலானது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதற்குச் செடிகளையும் பெயர்களையும் மருத்துவப் பயனையும் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அந்நூலில் நெல்லி நிலிக்காமரம் என்பதாக லத்தீன் எழுத்தில் பதிந்திருக்கிறது. கீழாநெல்லி கிர்கனேலி. உச்சரித்துப் பார்த்தால் ஒரு வைத்தியரின் குரலும் அதை வேற்றுமொழிக் காது வாங்கிக்கொண்ட விதமும் சேர்ந்தே கேட்கும். லின்னேயஸ் நிரூரியை விவரித்தபோது ரீடின் கிர்கனேலியையும் அதோடு மேற்கிந்தியத் தீவுச் செடி ஒன்றையும் ஒரே இனம் என்று கருதிச் சேர்த்துவிட்டார். ஓவியத்தையும் உலர்ந்த செடியையும் வைத்து வேலை செய்கிறவருக்கு நேரக்கூடிய பிழைதான் அது. இதழ்கள் ஐந்தா ஆறா, விதையின் மேல் கோடுகள் நெடுக்கா குறுக்கா என்பதில் இந்தச் செடிகளின் வேற்றுமை ஒளிந்திருக்கிறது.

தாவரவியலில் ஒரு பெயர் ஒரு விவரணையின் மேல் நிற்பதில்லை. ஒரே ஒரு மாதிரியின் மேல் நிற்கிறது. வகைமாதிரி என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் உலர்த்தி அட்டையில் ஒட்டிய ஒரு கிளை, சில சமயம் ஓர் ஓவியம். விவரணை பிழையாக இருக்கலாம், படிப்பவர்கள் குழம்பலாம், பெயர் அந்த ஒன்றை விட்டு நகராது. நிரூரி என்ற பெயர் கட்டப்பட்டிருப்பது அமெரிக்க வெப்பமண்டலச் செடி ஒன்றோடு என்பதைத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் 1950களில் தெளிவாக்கினார். அதுவரை ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலும் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் நம் கீழாநெல்லியை நிரூரி என்றே எழுதிவந்தன. 1985இல் மித்ரா, ஜெயின் என்ற தாவரவியலாளர்கள் இந்தியாவின் நிரூரி என்பதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மூன்று இனங்கள் இருந்தன: அமாரஸ், ஃபிராட்டர்னஸ், டெபிலிஸ். மூன்றையும் திருப்பினால் கீழேதான் காய்கள்.

இவற்றில் அதிகம் தென்படும் அமாரஸுக்கு அந்தப் பெயர் கானாவிலிருந்து வந்தது. டென்மார்க்கின் பீட்டர் தோனிங் கினி கடற்கரையில் சேகரித்த செடிகளை ஷூமாக்கர் 1827இல் விவரித்தபோது வைத்த பெயர். அமாரஸ் என்றால் கசப்பு. தரங்கம்பாடியும் அப்போது டென்மார்க்கின் வசம்தான் இருந்தது. ஆனால் பெயர் வந்தது ஆப்பிரிக்கத் தாளிலிருந்து. கிர்கனேலி என்ற சொல்லோ 1789இல் ஜுசியூ கையில் கிர்கனேலியா என்ற பேரினமாகி, கடைசியில் கரும்பூலாவின் இனத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. நிரூரி என்ற மலபார்ச் சொல் அமெரிக்கச் செடிக்கு. கீழாநெல்லி என்ற சொல்லின் லத்தீன் வடிவம், வேலியோரத்தில் கறுத்த சின்னப் பழம் பழுக்கும் ஒரு புதருக்கு. கீழாநெல்லிக்கோ கானாவிலிருந்து கசப்பு என்ற பெயர். ஒரு வைத்தியர் சொன்ன சொற்கள் உலகம் சுற்றி, எல்லாமே எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர் சுட்டிக்காட்டிய செடியிடம் மட்டும் எதுவும் இல்லை.

கீழாநெல்லியின் உறவான மேலாநெல்லி மட்டும் சற்று அதிர்ஷ்டம் செய்தது. லின்னேயஸ் அதற்கு வைத்த ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ் என்ற பெயரில் மதராசப்பட்டினம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2022இன் பாகப்பிரிவினையில் அது நெல்லிக்கா என்ற பேரினத்துக்குப் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் ராஃபினெஸ்க் வைத்து, பிறகு யாரும் எடுத்தாளாமல் கிடந்த பெயர். ஊரும் சொல்லும் ஒரே செடியில் சேர்ந்துகொண்டன.

இதுவரை சொன்னதெல்லாம் லத்தீன் பெயர்களின் தடுமாற்றம். இதில் தமிழ்ப் பெயர் அசையாமல் நிற்பது போலத் தோன்றுகிறது. அந்த அசையாமைதான் இப்போது பெரிய சந்தேகமாக எழுகிறது. அமாரஸ் ஆதியில் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி என்றும், கப்பல் சரக்கோடும் மண்ணோடும் உலகெங்கும் பரவிய களை என்றும் தாவரவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். அது உண்மையானால், மிளகாய் போல, பப்பாளி போல இதுவும் சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்து இறங்கியது. மிளகாய்க்கு மிளகின் பெயரை ஒட்டி ஒரு புதுப்பெயர் வைத்தோம், வந்ததைக் கவனித்ததால். அமாரஸோ சத்தமில்லாமல் வந்திருக்கும். டெபிலிஸோ ஃபிராட்டர்னஸோ நின்ற வரப்பில் இது முளைத்தது. திருப்பிப் பார்த்தவர்களுக்குக் கீழே காய் இருந்தது. பழைய பெயர் புதிய செடியின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. சித்த மருத்துவச் சுவடியில் கீழாநெல்லி என்று எழுதியவரின் கையில் இருந்த செடியும் இன்று மஞ்சள் காமாலைக்கு வேரோடு அரைத்து மோரில் கலக்கப்படும் செடியும் ஒன்றாக இல்லாமல் போகலாம். லத்தீன் பெயர் மாறும்போது குறைந்தபட்சம் சத்தம் கேட்கிறது. கட்டுரை வருகிறது, சண்டை வருகிறது, பழைய பெயர் இணைப்பெயராக ஏட்டில் தங்குகிறது. தமிழ்ப் பெயரின் அடியில் செடி மாறும்போது சத்தமே இல்லை.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க்கும் உடனிருந்தவர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இருந்த பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. அடுத்த ஆண்டே சென்னையின் தியாகராஜனோடு சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் அவர்கள் வெளியிட்ட சோதனையின் தலைப்பில் ஃபில்லாந்தஸ் அமாரஸ். வைரஸைச் சுமந்திருந்தவர்களில் 37 பேருக்குச் செடியின் பொடி தரப்பட்டது. 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நிகழ்ந்தது. பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணம் அளவாக இருக்கலாம், பறித்த பருவமாக இருக்கலாம், முதல் சோதனையே தற்செயலாக இருக்கலாம். எதைப் பேசுவதானாலும், எல்லா இடத்திலும் இருந்தது ஒரே செடிதானா என்ற கேள்வியைக் கடந்துதான் பேச வேண்டும். 2010இல் வெளியான ஓர் ஆய்வு தென்னிந்தியாவின் 25 கடைகளில் கீழாநெல்லிச் சரக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்தது. 76 சதவீதத்தில் ஏறக்குறைய முழுக்க அமாரஸ். மீதியில் வேறு ஐந்து இனங்கள் கலந்திருந்தன, மேலாநெல்லி உட்பட. பொடியாக்கிய பிறகு கண்ணுக்கு வேலை இல்லை. திருப்பிப் பார்ப்பதற்கு அங்கே காயும் இல்லை, ஈர்க்கும் இல்லை.

உலர்ந்த செடிகளைக் காக்கும் ஹெர்பேரியங்களில் ஒரு வழக்கம் உண்டு. அட்டையில் ஒட்டிய செடியின் பெயர் தவறு என்று பின்னால் வருகிறவர் கண்டுகொண்டால் பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார். பக்கத்தில் இன்னொரு சிறு சீட்டை ஒட்டி, சரி என்று தான் நினைக்கும் பெயரையும் தன் பெயரையும் ஆண்டையும் எழுதுவார். ஐம்பது ஆண்டு கழித்து வருகிறவர் மூன்றாவது சீட்டு ஒட்டுவார். பழுப்பேறிய செடியைச் சுற்றி இப்படிச் சீட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். யார் எப்போது எப்படிக் கருதினார்கள் என்பது அழியாது. பெயர் மாறுவதில் உள்ள எரிச்சலையெல்லாம் மீறி இந்த வழக்கத்தின் மேல் ஒரு மரியாதை வருகிறது. பேச்சுவழக்குப் பெயருக்கு இப்படிச் சீட்டு ஒட்டும் இடம் கிடையாது. அது வாய்க்கு வாய் போகும்போது முந்தைய வாயின் தடத்தைத் துடைத்துக்கொண்டே போகிறது. அதே சமயம் கிர்கனேலி என்று எழுதிய எந்தத் தாளிலும் இல்லாத ஒன்று அந்த வாயோடு வருகிறது. இது எந்தப் பருவத்தில் பிடுங்க வேண்டியது, எதோடு சேரும், எதோடு சேராது என்பது.

மழை விட்ட மறுநாள் காலையில், தோட்டத்தில் ஒருத்தி குனிந்து கீழாநெல்லி பறிக்கிறாள். ஒவ்வொரு செடியையும் பிடுங்குவதற்கு முன் ஓர் ஈர்க்கை இரண்டு விரலால் திருப்பிப் பார்க்கிறாள். காய் இருந்தால் கூடைக்கு, இல்லாவிட்டால் விட்டுவிடுவாள். தண்டு சிவந்திருந்த ஒன்றைத் திருப்பிப் பார்த்துச் சற்றுத் தயங்குகிறாள். அதன் அடியிலும் காய்கள் இருக்கின்றன. ஆனால் வழுவழுப்பாக இல்லை, சொரசொரப்பாக இருக்கின்றன. லின்னேயஸ் அதே 1753இல் யூரினாரியா என்று தனியாகப் பெயர் வைத்த செடி. "இது செவப்பு, வேற" என்று பக்கத்தில் நிற்கும் பேத்தியிடம் சொல்லிவிட்டு அதைத் தொடாமல் அடுத்ததற்கு நகர்கிறாள். பேத்தி குனிந்து அந்தச் சிவந்த தண்டின் ஈர்க்கைத் தானும் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறாள்.